பிளேட் இல்லாத பழைய ஃபோர்க்லிஃப்ட்: விவரத்தை எங்கே தேடுவது?

துவாஸ் பட்டறை:
பிளேட் என்பது மாடல், சீரியல் எண், தூக்கும் திறன் பொறித்த தகடு. அது இல்லாவிட்டால் பானெட்டில் இருக்கும் பெயரை நம்பாதீர்கள். கை மாறும்போதே பெயிண்ட் அடித்து வேறு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். சேசிஸில் குத்திய சீரியல் எண்தான் வண்டியின் உண்மையான அடையாளம். டேஷ்போர்டுக்கு முன்னால் உள்ள தகடு, ஃப்ளோர் பிளேட்டின் அடி, மாஸ்ட் (பாரம் தாங்கும் ஃபோர்க் கரங்கள் ஏறி இறங்கும் முன்பக்கத் தூண்) பொருந்தும் இடத்துக்குப் பக்கத்துச் சட்டம் என்று மூன்றையும் தேடுங்கள். நாலைந்து கோட் பெயிண்ட் ஏறியிருந்தாலும் கிரைண்டரைத் தொடவே கூடாது, எண்ணும் சேர்ந்து போய்விடும். பெயிண்ட் ரிமூவர் தடவித் துடைத்துவிட்டு, வெள்ளைச் சாக்கட்டியைப் படுக்கையாகத் தேய்த்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எண் பளிச்சென்று தெரியும்.

மாடல் எழுத்துகளும் கொஞ்சம் சொல்லும். ஜப்பான் வண்டிகளில் எஃப்டி25 என்றால் டீசல், 2.5 டன். எஃப்பி என்றால் பேட்டரி. சீன வண்டியில் சிபிசிடி30 என்றால் டீசல், டார்க் கன்வர்ட்டர், 3 டன். கடைசி ‘டி’ இல்லாமல் சிபிசி என்று மட்டும் இருந்தால் கிளட்ச் வண்டி. இதெல்லாம் தேடலைத் தொடங்கத்தான். தூக்கும் திறனுக்கு இதை ஆதாரமாகக் காட்ட முடியாது.

கம்பெனி மூடிவிட்டது என்று கைவிடவும் வேண்டாம், பல கம்பெனிகள் வேறு பெயரில் இருக்கின்றன. நிசான், டிசிஎம் ஃபோர்க்லிஃப்டுகள் 2013இல் யூனிகேரியர்ஸ் ஆயின. 2017இல் அது மிட்சுபிஷி நிச்சியுவோடு சேர்ந்து மிட்சுபிஷி லாஜிஸ்நெக்ஸ்ட் ஆனது. பிரிட்டனின் லான்சிங் பாக்னல் 1989இல் லிண்டேவிடமும், லான்சர் பாஸ் 1994இல் யுங்ஹைன்ரிக்கிடமும் போயின. கம்பெனிக்கு எழுதும்போது சீரியல் எண், மாஸ்ட்டின் தனி எண், மேலே தூக்கும் உயரம், பொருத்தியிருக்கும் அட்டாச்மென்ட், நான்கு பக்கப் படம் எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். மாஸ்ட் எண்ணை விட்டால் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தபோது இருந்த விவரம்தான் கிடைக்கும். இடையில் யாரோ 3 மீட்டர் மாஸ்ட்டைக் கழற்றி 4.5 மீட்டர் போட்டிருந்தால் அந்தத் தாளை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

குமாஸ்தா_ஜூரோங்:
அண்ணே, பிளேட்டில் 5000 என்று மட்டும் தெரிகிறது. 5 டன் என்று எடுத்துக்கொள்ளலாமா?

துவாஸ் பட்டறை:
கூடவே கூடாது தம்பி. அமெரிக்க வண்டியாக இருந்தால் அது பவுண்டு, 2,268 கிலோதான். லோட் சென்டரும் (ஃபோர்க்கின் நிமிர்ந்த முகத்திலிருந்து பாரத்தின் நடுப்புள்ளி வரை உள்ள தூரம்) 24 அங்குலம். டயரைப் பாருங்கள்: முன்னால் 7.00-12, பின்னால் 6.00-9 இருந்தால் பெரும்பாலும் 2.5 டன் வகுப்பு வண்டி.

செயின் & ஃபோர்க்:
நான் ஃபோர்க்கிலிருந்துதான் தொடங்குவேன். பக்கவாட்டில் 1250 x 500 என்று குத்தியிருந்தால், ஒரு ஃபோர்க் 500 மி.மீ. லோட் சென்டரில் 1,250 கிலோ தாங்கும், ஜோடி 2,500. அது ஃபோர்க்கின் திறன் மட்டுமே. வண்டியின் திறன் அதைவிடக் குறைவாக இருக்கலாம்.

தேய்மானத்துக்கு ஒரிஜினல் அளவு தெரியவில்லையா? நிமிர்ந்த பாகத்தில் தேயாத இடத்தை வெர்னியரில் அளந்து, வளைவுக்குப் பக்கத்தில் அடிப்பாகத்தோடு ஒப்பிடுங்கள். 40 மி.மீ. 36 ஆகிவிட்டால் ஃபோர்க்கைக் கழற்றிவிட வேண்டியதுதான். பார்வைக்குப் பத்தில் ஒரு பங்குதான் தேய்ந்திருக்கும், ஆனால் வளைவைத் தாங்கும் பலம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போயிருக்கும்.

செயினுக்குத் தயாரிப்பாளரே தேவையில்லை. தகட்டில் பிஎல்634 என்று இருந்தால் பிட்ச் (அடுத்தடுத்த இரண்டு ஆணிகளின் நடுவுக்கு இடையே உள்ள தூரம்) 19.05 மி.மீ. செயினை இழுத்துப் பிடித்து, 16 பிட்ச்சை ஒரு ஆணி நடுவிலிருந்து இன்னொரு ஆணி நடுவுக்கு அளந்து பாருங்கள். புதிதில் 304.8 மி.மீ. 3 சதவீத நீட்சி வரம்பு என்றால் 313.9. அதைத் தொட்டால் இரண்டு செயினையும் சேர்த்தே மாற்றுங்கள். புல்லி மேல் ஓடும் பகுதியில் அளக்க வேண்டும். செயின் முனையை மாட்டியிருக்கும் நங்கூரத்துக்குப் பக்கத்தில் தேய்மானம் குறைவு, அங்கே அளந்தால் ஏமாந்துபோவீர்கள்.

சிலிண்டர் சீல் விவரம் கிடைக்காவிட்டாலும் ஃபோர்க்லிஃப்ட் பாதுகாப்புத் தரநிலையான ஐஎஸ்ஓ 3691-1 சொல்லும் அளவு இருக்கிறது: ஆயில் சூடான நிலையில், தூக்கிய முழுப் பாரம் 10 நிமிடத்தில் 100 மி.மீ.க்கு மேல் இறங்கக்கூடாது. மாஸ்ட் முன்னால் சாய்வது சராசரியாக நிமிடத்துக்கு அரை டிகிரியைத் தாண்டக்கூடாது. ஆனால் முழுப் பாரம் எவ்வளவு என்றே தெரியாத வண்டியில் இந்தச் சோதனையை வைக்காதீர்கள்.

பேட்டரி வண்டி:
எலக்ட்ரிக்கில் பேட்டரியும் கவுன்டர்வெயிட்தான் (முன்னால் உள்ள பாரத்துக்கு ஈடுகொடுக்கும் எடை). ஒரிஜினல் பிளேட்டில் பேட்டரிக்குக் குறைந்தபட்ச, அதிகபட்ச எடை போட்டிருக்கும். அது தெரியாமல் லெட்-ஆசிட்டை எடுத்துவிட்டு லித்தியம் போட்டால் பல நூறு கிலோ குறைந்து, பாரத்தோடு பின் சக்கரம் தூக்கிக்கொள்ளும். வோல்ட் தெரியாவிட்டால் லெட்-ஆசிட் பேட்டரியின் செல்லை எண்ணுங்கள், ஒன்றுக்கு 2 வோல்ட். 24 செல் என்றால் 48.

பாதுகாப்பு அலுவலர், காக்கி புக்கிட்:
முதலில் விற்றவரைக் கேளுங்கள். சிங்கப்பூரின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 16ஆம் பிரிவு தயாரிப்பாளர் மேலும் விற்பவர் மேலும் பொறுப்பு வைக்கிறது. பாதுகாப்பாகப் பயன்படுத்தத் தேவையான தகவலை அவர்கள் தர வேண்டும். அந்தக் கடமைக்கு உட்பட்ட இயந்திரங்களின் அட்டவணையில் ஃபோர்க்லிஃப்டும் உண்டு. பயன்படுத்தும் முறைக்கு எஸ்எஸ் 573 என்ற சிங்கப்பூர்த் தரநிலை நடைமுறை விதித்தொகுப்பைப் பாருங்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. முன் ஆக்சில் நடுவிலிருந்து ஃபோர்க்கின் நிமிர்ந்த முகம் வரை 480 மி.மீ. என்று வையுங்கள். 500 லோட் சென்டரில் 2,500 கிலோ தூக்கும் வண்டி, 700இல் 2,500 × 980 ÷ 1,180, அதாவது சுமார் 2,076 கிலோ. தரையோடு ஒட்டிய கணக்கு இது. உயரத் தூக்கும்போது மாஸ்ட் வளைவதும், சைட் ஷிஃப்டரின் (ஃபோர்க்கைப் பக்கவாட்டில் நகர்த்தும் அட்டாச்மென்ட்) எடையும் இதில் இல்லை. பழைய பிளேட் தப்பாக இருக்கலாம் என்று சந்தேகப்பட இது போதும். புதுப் பிளேட்டில் பொறிக்கப் போதாது. தயாரிப்பாளரோ அவரை வாங்கிய கம்பெனியோ பதில் தராவிட்டால், இயந்திரவியல் தொழில்முறைப் பொறியாளரிடம் எடைமேடைச் சீட்டு, மாஸ்ட் அளவு, படங்களைக் கொடுத்து எழுத்தில் வாங்குங்கள். அந்தச் செலவு வண்டியின் விலையைத் தாண்டினால் பழைய இரும்புக்குப் போடுவதே மேல்.

அதுவரை சாவியை எடுத்து வையுங்கள், பேட்டரி கனெக்டரையும் கழற்றிப் பூட்டுங்கள். புதுப் பிளேட் உலோகத்தில் பொறித்து ரிவெட் அடித்ததாக இருக்கட்டும். ஸ்டிக்கர் இந்த ஊர் மழையிலும் டீசல் துணியிலும் சீக்கிரமே அழிந்துவிடும், பிறகு அடுத்தவர் இதே கேள்வியோடு வருவார்.