மாந்தோப்புல குடும்பப் போட்டோ: டிரஸ் பத்தி கஸ்டமர்கிட்ட என்ன சொல்லணும்?

கிருஷ்ணகிரி லென்ஸ்:
வணக்கம். காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாந்தோப்புல அடுத்த ஞாயிறு காலையில 9 பேர் குடும்பப் படம். தாத்தா, பாட்டி, ரெண்டு மகன் குடும்பம், அதுல மூணு குழந்தைங்க. தாத்தா பாட்டிக்கு மட்டும் தனியா ஒரு படமும் கேட்டிருக்காங்க. பாட்டி அரக்குப் பட்டு, தாத்தா வெள்ளை வேட்டி சட்டை. இது ரெண்டும் மாறாது. மத்தவங்க எல்லாரும் ஒரே பச்சையில எடுக்கலாமான்னு கேட்கிறாங்க. என்ன சொல்லலாம்? ஒரு ஃபிளாஷும் 120 செ.மீ. ஆக்டாவும் (ஃபிளாஷ் வெளிச்சத்தை மென்மையாக்குற எண்கோணப் பெட்டி) இருக்கு.

தருமபுரி நிழல்:
பச்சை வேண்டாம்னு இன்னைக்கே சொல்லிடுங்க தம்பி, துணி எடுத்துட்டாங்கன்னா அப்புறம் பேச முடியாது. பின்னணி முழுக்க இலை. கரும்பச்சை போட்டவங்களுக்கு முகமும் கையும் மட்டும் தனியா மிதக்கும். அதோட, நெருங்கி நிக்கிறப்போ எல்லாம் ஒரே நிறம்னா யாரோட தோள் எங்க முடியுதுன்னே தெரியாது.

பாட்டியோட பட்டுல இருந்து ஆரம்பிங்க. பார்டர் கடுகு மஞ்சள்னா, அதுவும் சந்தனமும் வெளிர் சாம்பலும் மத்தவங்களுக்குப் போதும். அரக்கு இன்னும் ஒரே ஒருத்தருக்கு, அவர் பாட்டிக்கு எதிர் ஓரத்துல நிக்கட்டும். மூணு நாளைக்கு முன்னாடி எல்லாத் துணியையும் ஜன்னலோரமா ஒரே கட்டில்ல பரப்பி, ஒரே போட்டோவா அனுப்பச் சொல்லுங்க. ஆளாளுக்குத் தனியா அனுப்பினா ஒவ்வொரு போனும் ஒரு நிறம் காட்டும். வந்த படத்தைக் கறுப்பு வெள்ளையா மாத்திப் பாருங்க. எல்லாம் ஒரே சாம்பலாத் தெரிஞ்சா, நிறம் வேறயா இருந்தாலும் ஆள் பிரியாது. அப்போ ரெண்டு பேரை இன்னும் வெளிர் நிறத்துக்கு மாத்தணும்.

பழைய ஸ்டூடியோ:
வேட்டியை மாத்தச் சொல்லாதீங்க, அது அவரோட மரியாதை. வெளிச்சத்தை நாம மாத்திக்கலாம்.

தாத்தாவை உட்கார வச்சதும் மடி கேமரா பக்கம் நீண்டு வரும். ஆக்டா தாழ்வா இருந்தா முகத்தைவிட மடிக்குத்தான் அதிக வெளிச்சம் விழும், வெள்ளை வெடிச்சிடும், அதாவது மடிப்பே தெரியாம வெறும் வெள்ளையாயிடும். ஆக்டாவை உயர்த்தி, அதோட மையம் தலைக்கு மேல போற மாதிரி திருப்புங்க. ஓர வெளிச்சம்தான் மடியில விழணும். ரா ஃபைலா (கேமரா பதிவு பண்ணின தகவல் அப்படியே இருக்கிற மூல ஃபைல்) எடுங்க. வேட்டியில ஹைலைட் எச்சரிக்கை (வெடிச்ச இடத்தைத் திரையில மினுக்கிக் காட்டுறது) மினுக்காத வரைக்கும் எக்ஸ்போஷர் வச்சா, முகத்தை அப்புறம் அரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு) தாராளமாத் தூக்கலாம். அரக்குப் பட்டுக்கு ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமை (சிவப்பு, பச்சை, நீலம் எவ்வளவு பதிவாகுதுன்னு காட்டுற வரைபடம்) தனித்தனியாப் பாருங்க. மொத்தக் கோடு சரியாக் காட்டும்போதே சிவப்பு மட்டும் எல்லையில முட்டி, நெசவு காணாமப் போயிருக்கும்.

தோப்புக்கு நடுவுல நிறுத்தினா வேட்டியிலயும் தாடைக்குக் கீழயும் பச்சை படியும். தோப்பு ஓரத்துல, முகம் வெட்டவெளியைப் பார்க்க, மரம் முதுகுக்குப் பின்னால 4, 5 மீட்டர் தள்ளி இருக்கட்டும். 9 பேர் படத்துக்கு அந்த வெட்டவெளி வெளிச்சம்தான் முக்கியம், ஒரு ஆக்டா அத்தனை பேருக்கும் பத்தாது.

பளீர்னு வெளுக்கிற சோப்புத் தூள்ல துவைச்ச வெள்ளை, ஃபிளாஷோட புற ஊதாக் கதிர்ல நீலமா ஒளிரலாம். சட்டைப் பையில போன் வேண்டாம்னும் சொல்லிடுங்க.

மலையோரம்:
குழந்தைங்களுக்குப் பொடிக்கட்டம், மெல்லிய கோடு வேண்டாம். கட்டத்தோட இடைவெளி சென்சார் பிக்சல் இடைவெளியோட மோதினா துணியில வானவில் அலை வரும். முழு உருவம் எடுக்கிற தூரத்துலதான் இது அதிகம், கிட்டப் போனா மறையும். எடிட்டிங்ல நிறத்தை எடுத்துடலாம், அலை வடிவம் முழுசாப் போகாது. கேமரா திரையில 100 சதவீதம் பெரிசாக்கிப் பாருங்க. சின்னதாப் பார்த்தா இல்லாத அலையும் தெரியும்.

மரத்துல காய் இருந்தா காம்புல இருந்து வடியற பால் பட்டுல பட்டு, கறை நின்னுடும். காய்க்கு நேர் கீழ யாரையும் நிறுத்தாதீங்க. இலைகளைப் பின்னிக் கூடு கட்டியிருக்கிற கிளை இருந்தா முசுறு (கடிக்கிற செவ்வெறும்பு) இருக்கு. பாவாடை கட்டின குழந்தையை அந்தப் பக்கமே விடாதீங்க.

கிருஷ்ணகிரி லென்ஸ்:
ரொம்ப நன்றி. சின்ன மருமகள், "நான் கறுப்பு, வெளிர் நிறம்தான் எடுக்கணுமா?"ன்னு கேட்கிறாங்க.

பழைய ஸ்டூடியோ:
அப்படி எதுவும் இல்லைன்னு அவங்ககிட்ட நேராச் சொல்லுங்க. கடுகு மஞ்சள் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் அழகா நிக்கும், அந்தப் பார்டர் நிறத்தை அவங்களுக்கே கொடுங்க. அவங்க முகத்தை வெளுப்பாக்க எக்ஸ்போஷரை ஏத்தாதீங்க. நிறம் செத்துப்போறதோட பக்கத்துல இருக்கிற வேட்டியும் வெடிக்கும். முகத்துக்கு டால்கம் பவுடர் மட்டும் வேண்டாம், ஃபிளாஷ்ல சாம்பல் பூத்த மாதிரி தெரியும். வேர்த்தா ஒத்தி எடுக்க ஒரு மெல்லிய பருத்தித் துணி கொண்டு வரச் சொல்லுங்க.