புதுப்பிப்பு: முழங்கால் வலியுள்ள அம்மாவுடன் ப்விண்டி காட்டில் மலைக் கொரில்லா பார்த்தோம்

உகாண்டாவின் ப்விண்டி தேசியப் பூங்காவில் எந்தப் பகுதிக்கு அனுமதிச் சீட்டு எடுத்தால் அம்மாவுக்கு நடை குறையும் என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நல்லபடியாகப் போய் வந்துவிட்டோம்.

புஹோமா, ருஹிஜா, ருஷாகா, ந்குரிங்கோ ஆகிய நான்கு பகுதிகளில் புஹோமாவை எடுத்தோம். சீட்டு அந்தந்தப் பகுதிக்கு மட்டுமே என்பதால் முன்பே முடிவு செய்தாக வேண்டும். ஆனால் உண்மையில் கைகொடுத்தது, காலை விளக்கக் கூட்டத்துக்கு முன்பே வனக்காவலரிடம் முழங்காலைப் பற்றிச் சொல்லுங்கள் என்ற யோசனைதான். அருகில் இருந்த கொரில்லாக் குடும்பத்தைப் பார்க்கும் குழுவில் சேர்த்துவிட்டார்கள். சுமைதூக்க அமர்த்திய உள்ளூர் இளைஞர், வழுக்கும் சரிவுகளில் அம்மாவின் கையை விடவே இல்லை. தடித்த கையுறையும் அவசியம். பிடிமானத்துக்குக் கை நீட்டும் இடமெல்லாம் தொட்டால் அரிக்கும் காஞ்சொறிச் செடி.

விதி இதுதான்: ஒரு கொரில்லாக் குடும்பத்தைப் பார்க்க நாளொன்றுக்கு எட்டுப் பேர், ஒரு மணி நேரம், முகக்கவசம். மனிதரின் சளிக்காய்ச்சல் கொரில்லாக்களின் உயிரையே பறிக்கும். உலகில் எஞ்சியிருக்கும் மலைக் கொரில்லாக்கள் 1,000-க்குச் சற்றே அதிகம், அதில் ஏறக்குறையப் பாதி இந்தக் காட்டுப் பக்கம். தயவுசெய்து யாரும் விதியில் சலுகை கேட்காதீர்கள். முதுகு வெளுத்த பெரிய ஆண் ஒன்று செடித் தண்டைப் பல்லால் உரித்து, மேல்நாரை எறிந்துவிட்டு உள்ளே இருந்த மென்மையான பகுதியை மட்டும் நிதானமாகத் தின்றது.

எதிர்பாராத ஒன்று: நடக்கவே முடியாதவர்களைத் தூக்குக் கட்டிலில் சுமந்து செல்லும் ஏற்பாடும் அங்கே உண்டு. கட்டணம் தனி, முன்கூட்டியே கேட்டு வையுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழையும் மறக்க வேண்டாம்.