கவுன்சிலர் எப்படி என்று கேட்டால்

வில்லியனூர்:
2024 நாடாளுமன்றத் தேர்தல் சமயம் ஒரு கருத்துக்கணிப்புக்காகத் தெருத்தெருவாக அலைந்தேன். வாக்காளர் பட்டியலிலிருந்து இத்தனை பேருக்கு ஒருவர் என்று எடுத்துப் பெயரோடு கொடுத்துவிடுவார்கள். அந்த ஆளைத்தான் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டு அண்ணன் "எங்கிட்ட கேளுப்பா, நான் சொல்றேன்" என்று கூப்பிட்டாலும் கேட்கக் கூடாது. ஓட்டு யாருக்கு என்பதை வாயால் கேட்பதில்லை. சின்னம் அச்சிட்ட மாதிரிச் சீட்டைக் கொடுத்து, மடித்துப் பெட்டியில் போடச் சொல்வோம். அதையும் சில வீடுகளில் மாமியார் எட்டிப் பார்ப்பார்.

நம் புதுச்சேரியில் முதல் தடை அரசியல் இல்லை, ரேஷன் கார்டு. கையில் பட்டியலோடு ஒருவன் வந்து பெயர் சொன்னாலே, ஏழைகளுக்கான சிவப்பு கார்டை மற்றவர்களுக்கான மஞ்சளாக்க வந்துவிட்டான் என்று முகம் மாறிவிடும். ஃபிரிட்ஜ் இருக்கிறதா, பைக் இருக்கிறதா என்ற கேள்விகள் வேறு. கேட்பானேன்!

வேடிக்கை, உள்ளாட்சி பற்றிய கேள்விகளில்தான். டெல்லியில் தயாரான கேள்வித்தாள். 'உங்கள் கவுன்சிலரின் பணி மிகவும் திருப்தியா, ஓரளவு திருப்தியா?' புதுச்சேரியில் 1968-க்கு அப்புறம் 2006-ல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2011-ல் பதவிக்காலம் முடிந்ததோடு சரி. 2021-ல் தேதி வரை அறிவித்து, இடஒதுக்கீட்டு வழக்கில் நின்றுபோனது. ஒரு பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எந்தக் கவுன்சிலரு? இருந்தா சொல்லு தம்பி, நானும் பாக்கணும்" என்றார். 'தெரியாது' என்றுதான் குறிக்க முடிந்தது. அப்படி ஒரு பதவியில் ஆளே இல்லை என்பதற்குக் கட்டம் கிடையாது. டெல்லியில் கூட்டிப் பார்ப்பவர், புதுச்சேரிக்காரர்களுக்கு விவரம் போதாது என்று நினைத்திருப்பார். தெருவிளக்கு எரியாவிட்டாலும் இங்கே எம்எல்ஏ வீட்டு வாசல்தான். தொகுதிக்குச் சராசரியாக முப்பதாயிரத்துச் சொச்சம் ஓட்டு, எல்லோரையும் அவருக்கு முகம் தெரியும்.

கடலூர் ஓ.டி.:
எங்களுக்கு நேர் எதிர். 2021-ல் மாநகராட்சி ஆனோம், 45 வார்டு, 2022 பிப்ரவரியில் தேர்தலும் நடந்தது. கவுன்சிலர் இருக்கிறார், அதுவும் இதே தெருவில். அதனாலேயே யாரும் வாய் திறக்க மாட்டார்கள். டேப்லெட்டோடு வந்த பெண் "வார்டு வேலையெல்லாம் எப்படி சார்?" என்று கேட்டபோது, கவுன்சிலரின் சித்தப்பா எங்கள் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "நல்லா பண்றாங்கம்மா" என்றேன். வேறென்ன சொல்ல? ஆனால் பேப்பரை மடித்துவிட்டுத் தெருநாய்ப் பஞ்சாயத்தை ஆரம்பித்தவர் அந்தச் சித்தப்பாவேதான்! பத்து நிமிஷம் பொரிந்து தள்ளினார். அதை அந்தப் பெண் பதியவில்லை. பட்டியலில் என் பெயர்தான் இருக்கிறதாம்.

லாஸ்பேட்டை:
2021 சட்டமன்றத் தேர்தலில் ஏப்ரல் 6 ஓட்டுப் போட்டோம். பூத்தை விட்டு வெளியே வந்ததுமே ஒரு பையன் வந்து கேட்டான், நான் உண்மையைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் வேறு சின்னத்தைச் சொன்னார், எதை நம்புவதோ. கூடவே தேர்தல் நடந்த மேற்கு வங்கத்தில் கடைசிக் கட்டம் முடிகிற 29-ஆம் தேதி மாலைவரை எந்தக் கணிப்பையும் வெளியிடக் கூடாது என்பது சட்டம். அதுவரை டீக்கடைக் கணிப்புதான்.

எனக்கு ஒரு சந்தேகம். 30 தொகுதிக்கு ஆயிரம் பேரைக் கேட்டால் தொகுதிக்கு முப்பத்துச் சொச்சம் பேர்தான். இங்கே சில நூறு ஓட்டில் ஜெயிக்கிறார்கள். நம் புதுச்சேரியைச் சேர்ந்த மாஹே கேரளாவுக்குள், ஏனாம் ஆந்திராவுக்குள். எல்லாவற்றையும் ஒரே சதவீதமாக்கி 'இத்தனை சீட்' என்று டிவியில் எப்படிச் சொல்கிறார்கள்? வில்லியனூர்க்காரரே, மாஹேவுக்கும் நீங்கள்தான் போனீர்களா?

வில்லியனூர்:
இல்லைங்க. மாஹேவுக்கு மலையாளம் தெரிந்தவர்கள், ஏனாமுக்குத் தெலுங்கு ஆட்கள். சீட் கணக்கெல்லாம் மேலே போடுவது, எங்களிடம் சொல்ல மாட்டார்கள். காரைக்காலுக்கு மட்டும் எங்கள் பசங்களே பஸ் ஏறினார்கள், பேட்டா குறைவு என்று ஒரே சண்டை.