118 கிலோ எடைக்கு கிளாசிக் 350-இன் சஸ்பென்ஷன் போதுமா?

ஆழியாறு வழி:
வணக்கம். என் எடை 118 கிலோ. 2022-இல் வாங்கிய ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-இல் பெரும்பாலும் தனியாகவே வால்பாறைக்குச் சென்று வருகிறேன். வேகத்தடைகளில் பின்பக்கம் ‘டங்’கென்று இடிப்பதோடு, மலையேறும் 40 கொண்டையூசி வளைவுகளில் வண்டி எளிதில் திரும்பாமல் வெளிப்பக்கமே ஒதுங்குகிறது, இரவில் எதிரே வருபவர்கள் ஹெட்லைட்டைத் தாழ்த்தும்படி சைகை காட்டுகிறார்கள். முன் ஃபோர்க்கில் (முன்சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் குழாய்களில்) கெட்டியான ஆயில் ஊற்றினால் சரியாகிவிடும் என்கிறார் என் மெக்கானிக். அது போதுமா?

பழைய ஸ்பேனர்:
இம்மூன்றுக்கும் காரணம் ஒன்றே. பின்பக்கம் அளவுக்கு மீறி அமிழ்வதால் ஃபோர்க் பின்னோக்கிச் சாய்ந்து, திருப்பம் மந்தமாகி, விளக்கொளியும் மேலே எழுகிறது. ஆகவே முதலில் டயர் காற்றழுத்தத்தைச் சரிபார்த்துவிட்டு அமிழ்வை அளந்து பாருங்கள். பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிய நிலையில் அச்சுக்கும் அதற்கு நேர்மேலே உள்ள ஒரு புள்ளிக்கும் இடையிலான தூரத்தைக் குறித்துக்கொண்டு, வண்டி தன் எடையில் மட்டும் நிற்கும்போதும், ஹெல்மெட் முதலியவற்றோடு நீங்கள் அமர்ந்திருக்கும்போதும் இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். நீங்கள் அமர்ந்த நிலையில் மொத்த அசைவில் ஏறத்தாழ 30 விழுக்காடு அமிழ்ந்தால் நல்லது, 130 மி.மீ. அசையும் முன் ஃபோர்க்குக்கு அது சுமார் 40 மி.மீ. பின் ஷாக்கின் ப்ரீலோடில், அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே இறுக்கிவைக்கும் அமைப்பில், ஆறு படிகள் உண்டு; அதை மாற்றி அமிழ்வைத் திருத்தலாம்.

ஆழியாறு வழி:
அளந்தேன். முன்புறம் 46 மி.மீ. பின்புறம் ஆறாம் படியில் வைத்தால் நான் அமரும்போது மூன்றில் ஒரு பங்கு அமிழ்கிறது. ஆனால் வண்டி தன் எடையால் அமிழ்வது 2 மி.மீ. கூட இல்லை. இடிப்பு குறைந்திருக்கிறது, நிற்கவில்லை.

சுருள்வில்:
அந்த 2 மி.மீ.தான் விடை. ப்ரீலோட் வண்டியின் உயரத்தைக் கூட்டுமே தவிர ஸ்பிரிங்கின் விறைப்பைக் கூட்டாது. கடைசிப் படிவரை இறுக்கித்தான் உங்கள் எடையைத் தாங்குகிறது என்றால், அந்த ஸ்பிரிங் உங்களுக்கு மென்மையானது என்றே பொருள். விறைப்பான ஸ்பிரிங்கை மட்டும் பழைய ஷாக்கில் மாட்டினால், அது திரும்பி உதைக்கும் வேகத்தை உள்ளேயுள்ள டாம்பிங் (அசைவைத் தணிக்கும் அமைப்பு) அடக்க முடியாமல் வண்டி துள்ளும். எனவே உங்கள் எடையைச் சொல்லி, அதே நீளத்தில், ரீபவுண்டை (ஸ்பிரிங் திரும்பி விரியும் வேகத்தை) திருத்தும் வசதியுள்ள முழு ஷாக் இணையாக வாங்குங்கள்.

கெட்டி ஆயில் நம் பட்டறைகளின் சர்வரோக நிவாரணி! அது ஃபோர்க்கின் அசைவை மெதுவாக்குமேயன்றி எடையைத் தாங்காது. சிறு குழிகளில் கைகளுக்கு அதிர்ச்சிதான் மிஞ்சும். உங்கள் முன்புற அமிழ்வு பெரிய குறையன்று. பின்பக்கத்தைச் சரிசெய்தபின் மீண்டும் அளந்துவிட்டு ஃபோர்க் ஸ்பிரிங்கைப் பற்றி முடிவெடுக்கலாம்.

பழைய ஸ்பேனர்:
ஒன்று சேர்க்கிறேன்: ஷாக்கை மாற்றினாலும் வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்தச் சுமையின் அளவு அதிகரிக்காது. பின்னால் ஆள் ஏற்றும் நாளில் பெட்டிகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். புதிய ஷாக் மாட்டியதும் ஹெட்லைட்டின் உயரத்தைத் திருத்த மறக்காதீர்கள்.