மின்ட் வட்டைப் போட்டால் விண்டோஸ் 7 எழுந்து வருகிறது

அண்ணாச்சிமார்களுக்கு வணக்கம். பத்தமடையில் எங்கள் பாய்க்கடையின் கணக்குக் கணினி இது: கோர் 2 டுவோ இ7500, 4 ஜிபி ராம், சாட்டா கேபிளில் இணையும் டிவிடி டிரைவ். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடு ஆதரவு நின்றுவிட்டதால், போன வாரம் முதல் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை டிவிடி வட்டிலிருந்து நிறுவப் பார்க்கிறேன்.

கணினியைப் போட்டதும் வட்டு சுற்றுகிறது, டிரைவ் விளக்கு மினுங்குகிறது. கறுப்புத் திரையில் ஒரு கோடு சிமிட்டுகிறது. பிறகு எதுவும் நடக்காததுபோல விண்டோஸ் வந்து நிற்கிறது.

பயாஸில் (கணினி துவங்கும்போது முதலில் ஓடும் அமைப்பு நிரல்) துவக்க வரிசையில் டிவிடியை முதலில் வைத்தேன். வட்டில் எழுதிய ஐஎஸ்ஓ கோப்பின் செக்சம் (கோப்பு பழுதில்லாமல் இருக்கிறதா என்று பார்க்கும் எண்) சரியாக இருக்கிறது. குறைந்த வேகத்தில் வேறொரு வட்டிலும் எழுதினேன். அதே வட்டு தம்பியின் மடிக்கணினியில் ஒழுங்காகத் துவங்குகிறது! சாட்டா கேபிளையும் மாற்றியாயிற்று. விண்டோஸுக்குள் இந்த டிரைவ் படம், பாட்டு எல்லாவற்றையும் படிக்கிறது. பென்டிரைவ் பயாஸ் பட்டியலில் தெரியவே இல்லை. அம்பாசமுத்திரத்துக் கடைக்காரர் புதுக் கணினி வாங்கச் சொல்கிறார். அவருக்கு அதுதானே லாபம்.

தொடாமல் விட்டது ஒன்றுதான். பயாஸில் சாட்டா முறை (டிரைவுகளோடு கணினி பேசும் விதம்) ஐடிஇ என்ற பழைய வகையில் இருக்கிறது. ஏஹெச்சிஐ என்ற புது வகைக்கு மாற்றினால் விண்டோஸ் நீலத்திரையில் நின்றுவிடக்கூடும். கணக்கெல்லாம் அதற்குள் இருக்கிறது.

அதை மாற்றிப் பார்க்கலாமா, அல்லது டிவிடி டிரைவையே மாற்ற வேண்டுமா?