40 மீட்டர் கியூஆர்பி (குறைந்த பவர்): ஐஆர்எஃப்510 டிரான்சிஸ்டர் கொதிக்கிறது, அவுட்புட் ஒரு வாட்தான்

ஹாம் (அமெச்சூர் ரேடியோ) நண்பர்களே, 7.030 மெகாஹெர்ட்ஸ் சி.டபிள்யூ. (மோர்ஸ்) டிரான்ஸ்மிட்டரில் ஒரு சிக்கல். 13.8 வோல்ட்டில் கீயை அழுத்தினால் 0.9 ஆம்பியர் இழுக்கிறது. 12 வாட்டுக்கு மேல் உள்ளே போய், டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் ரெசிஸ்டர்) 1 வாட்தான் வருகிறது. மிச்சமெல்லாம் ஹீட்சிங்க்குக்கே தீனி.

அளந்தது: டம்மி லோடாக இணையாக இரண்டு 100 ஓம் கார்பன் ரெசிஸ்டர் (வயர்வுண்ட் போட்டால் அதுவே காயிலாகிவிடும்), 1என்4148 டயோடு, 10 நானோஃபாரட். மீட்டரில் 9.4 வோல்ட், டயோடுக்கு 0.6 கூட்டி, வர்க்கமாக்கி, 100ஆல் (லோடின் 50 ஓமின் இரு மடங்கு) வகுத்தாயிற்று.

அவுட்புட் ஃபில்டர் டி37-6 இரும்புத்தூள் வளையங்களில் 21, 24, 21 சுற்று. கெபாசிட்டர்கள் 270, 680, 680, 270 பிகோஃபாரட். துளைக்குள் நுழைவதைத்தான் சுற்றாக எண்ணியது.

சந்தேகம் ஐஆர்எஃப்510இன் டிரெயினில் (அவுட்புட் முனை) உள்ள எஃப்டி50-43 வளைய பைஃபிலர் (இரு கம்பி சேர்த்துச் சுற்றிய) டிரான்ஸ்ஃபார்மர்மேல். இரண்டு எனாமல் கம்பியும் ஒரே நிறம், முனை மாறியிருக்குமோ? ஐஆர்எஃப்510இன் கேட் (இன்புட்) முனையில் 6 வோல்ட் பீக்-டு-பீக் டிரைவ் போதுமா? கழற்றாமலே முனைகளைச் சரிபார்க்க வழி உண்டா?