மூன்றாம் படிவ மகனும் பையில் வீசிய மாம்பழ வாசனையும்

கேள்வி: சுங்கை சிப்புட் அம்மா (மலேசியா)

வணக்கம். செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமான் (வீடமைப்புப் பகுதி) ஒன்றில் வசிக்கிறோம். இடைநிலைப் பள்ளியில் படிவம் 3 படிக்கும் என் மகனின் புத்தகப்பையில் சில மாதங்களாகவே மாம்பழ வாசனை வீசியது. பாட்டி ஊறுகாய் கட்டிக் கொடுத்திருப்பார் என்று நான் பொருட்படுத்தவில்லை. போன வாரம் சாமி மேடைக்குப் பின்னால், வண்ணப் பேனா போன்ற ஒரு வேப் (மின்சிகரெட்) சார்ஜ் ஆகிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

கேட்டதற்கு, “அது இருந்தால்தான் மனம் அடங்குகிறது” என்கிறான். காற்பந்தை விட்டுவிட்டான்; காலையில் பசியாறுவதும் இல்லை. ஓய்வு நேரத்துக்கு முன் வகுப்பில் உட்கார முடியாமல் தவிப்பவன், ஓய்வு முடிந்ததும் சாதுவாகிவிடுகிறான் என்று வகுப்பாசிரியை சொல்கிறார். மனச்சோர்வினால் வேப்பைத் தொட்டானா, வேப்பினால்தான் இந்தச் சோர்வா? கணவர் லோரி ஓட்டுபவர், வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில் இருப்பார். பிடுங்கி எறிந்தால் என்ன ஆகுமோ என்ற பயத்தில், அதை எடுத்த இடத்திலேயே வைத்திருக்கிறேன்.

பதில் 1: ஒட்டுக்கடைக்காரர்

பிரம்பை எடுங்கள், சகோதரி. சட்டத்தை நம்பிப் பயனில்லை. 2023 மார்ச் இறுதியில் வேப் திரவ நிக்கோட்டினை நச்சுப் பொருள் பட்டியலிலிருந்து நீக்கி, மில்லிலிட்டருக்கு 40 சென் வரி விதித்தார்கள். 18 வயதுக்குட்பட்டோருக்கு விற்கத் தடை விதிக்கும் சட்டம் 2024 அக்டோபர் 1ஆம் தேதிதான் நடப்புக்கு வந்தது. இடைப்பட்ட ஒன்றரை ஆண்டில் பள்ளிப் பிள்ளைகள் மிட்டாய் வாங்குவதுபோல் வாங்கியதை என் கடை வாசலிலிருந்தே பார்த்தேன்.

பதில் 2: ஓய்வுபெற்ற தாதி

ஐயா சட்டத்தைப் பற்றிச் சொன்னது சரி. பிரம்பைப் பற்றிச் சொன்னதை நான் ஏற்கவில்லை. அடிபட்ட பிள்ளை அடுத்த முறை சாமி மேடைக்குப் பின்னால் வைக்கமாட்டான், அவ்வளவுதான்.

சகோதரி, அந்த ஆசிரியை கவனித்ததிலேயே பாதி விடை இருக்கிறது. இரத்தத்தில் ஏறிய நிக்கோட்டின் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடுகிறது. வீட்டை விட்டுக் கிளம்பும்போது இழுத்தவனுக்கு ஓய்வு மணி அடிப்பதற்குள் எரிச்சலும் பதற்றமும் கவனச்சிதறலும் வந்துவிடுகின்றன. கழிவறைக்குப் போய் மீண்டும் இழுத்ததும் அவை தணிகின்றன. அவன் அமைதி என்று நம்புவது பெரும்பாலும் அந்தத் தவிப்பு அடங்குவதைத்தான். வேப்பில் 5 விழுக்காடு என்று ஒட்டியிருந்தால் ஒரு மில்லிலிட்டரில் 50 மில்லிகிராம் நிக்கோட்டின் என்று பொருள்; ஒரு சிகரெட்டிலிருந்து உடலுக்குள் போவதோ 1 அல்லது 2 மில்லிகிராம்தான். ஏறக்குறைய 25 வயது வரை வளர்ந்துகொண்டிருக்கும் மூளை இதற்கு விரைவில் அடிமையாகிவிடும்.

மீதிப் பாதி அவ்வளவு எளிதன்று. சோர்ந்த பிள்ளைகள் வேப்பை நாடுவதும், வேப் பழகியவர்களிடம் சோர்வு மிகுந்து காணப்படுவதும் ஆய்வுகளில் சேர்ந்தே தெரிகின்றன. 2022ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், 13 முதல் 17 வயதுக்குட்பட்டவர்களில் 14.9 விழுக்காட்டினர் வேப் பயன்படுத்தினர் (2017இல் இது 9.8), நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வு இருந்தது. ஆகவே காற்பந்தை ஏன் விட்டான் என்பதை வேப் பேச்சோடு கலக்காமல், தனியாகக் கேளுங்கள். அரசாங்க சுகாதார கிளினிக்கில் புகைப்பதை நிறுத்த உதவுகிறார்கள், அங்கே அழைத்துச் செல்லுங்கள். வாழப் பிடிக்கவில்லை என்பதுபோல் ஒரு சொல் அவன் வாயில் வந்தால், கிளினிக் நாளுக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள். பேசுவதற்கு 15555 என்ற ஹீல் மனநல உதவித் தொலைபேசி எண்ணும் இருக்கிறது.

பதில் 3: ஈப்போ தம்பி

அக்கா, நான் படிவம் 4இல் தொடங்கி 19 வயதில் விட்டவன். முதல் மூன்று நாள்தான் மிகக் கொடுமை. தூக்கம் வராது, அம்மா சோறு போடும் சத்தத்துக்குக்கூடக் கோபம் வரும். பள்ளி விடுமுறையின் தொடக்கத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். வகுப்பில் பிடிபட்டுத் திட்டு வாங்கினால் மறுபடியும் அதைத்தான் தேடுவான். அந்த நாள்களில் அவன் கத்துவதை மரியாதைக்குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மீண்டும்: சுங்கை சிப்புட் அம்மா

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு வேப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் காற்பந்தைப் பற்றி மட்டும் கேட்டேன். குழுவில் இருக்கும் மூத்த மாணவர்கள் இருவர் கடனுக்கு வேப் கொடுத்துவிட்டு, இப்போது பணம் கேட்டு மிரட்டுகிறார்களாம், எண்பது ரிங்கிட். திங்கட்கிழமை கணவர் விடுப்பு எடுக்கிறார். முதலில் பள்ளிக்கும், பிறகு கிளினிக்குக்கும் போகிறோம்.